கடைக்குக் கேமரா மாட்டும் முன் ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்கள்

மதுரையில் விளக்குத்தூண் சுற்றிலும் மாசி வீதிகளிலும் கடைகளுக்குக் கேமரா மாட்டுவது என் தொழில். மளிகை, ஜவுளி, ஃபேன்சி, மருந்துக் கடை என்று எல்லா வகையும் உண்டு. போன் போடும் அண்ணாச்சிகள் முதலில் கேட்பது, "தம்பி, எத்தனை கேமரா வேணும், மொத்தமா எவ்வளவு ஆகும்?" என்பதுதான். நேரில் போனதும் நான் ஒரு பேப்பரும் பேனாவும் கேட்பேன். கடையின் படத்தைக் கையாலேயே வரைந்து, இந்த இடத்தில் ஏதாவது நடந்தால் உங்களுக்கு எது தெரிய வேண்டும் என்று இடம் இடமாகக் கேட்டுக் குறித்துக்கொள்வேன். எண்ணிக்கையும் விலையும் அதற்கு அப்புறம்தான். இந்த வேலையைச் செய்யாமல் எட்டு கேமரா, பதினாறு கேமரா என்று போட்ட கடைகளைப் பார்த்திருக்கிறேன். பொருள் எத்தனை மணிக்குப் போனது, எந்தப் பக்கம் போனது, எடுத்தவர் என்ன கலர் சட்டை போட்டிருந்தார் என்பது வரை தெரியும். முகம் மட்டும் தெரியாது.

ஒரு சாதாரண மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். 12 அடி அகலம், 30 அடி நீளம், பின்னால் சின்ன குடோன். வாசலில் தெரிய வேண்டியது முகம். கல்லாவில் தெரிய வேண்டியது கை: எந்த நோட்டு வந்தது, எவ்வளவு மீதி போனது. அலமாரி வரிசையில் தெரிய வேண்டியது, எடுத்த பொருள் கூடைக்குப் போனதா, இடுப்புக்குப் போனதா என்பது. குடோன் கதவில் எத்தனை மூட்டை இறங்கியது என்ற கணக்கு. இந்த நாலு கேள்விக்கு நாலு கேமரா போதும். ஷட்டருக்கு வெளியே ஒன்று சேர்த்தால் ஐந்து. ஒரே கேமராவை வைத்து ரெண்டு கேள்விக்குப் பதில் வாங்கப் பார்த்தால் ரெண்டும் அரைகுறையாகவே வரும்.

வாசல் கேமராதான் உயிர்

பணம் குறைவாக இருந்தால் மற்றதையெல்லாம் தள்ளிப் போடுங்கள், வாசலில் குறை வைக்காதீர்கள்.

அறிமுகமில்லாத ஒருவரைப் படத்தை வைத்து அடையாளம் காண, முகம் இருக்கும் தூரத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் (படத்தின் புள்ளி) வேண்டும். ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு சொன்ன அளவு இது. 2 மெகாபிக்சல் கேமராவின் படம் குறுக்கே 1920 பிக்சல். 1920ஐ 250ஆல் வகுத்தால் ஏழரை மீட்டர் சொச்சம். அதாவது படத்தில் ஏழரை மீட்டர் அகலத்துக்கு மேல் தெரிகிற தூரத்தில் முகம் கணக்கில் சேராது. கடைகளில் சாதாரணமாக மாட்டும் 2.8 எம்எம் லென்ஸ் ஏறக்குறைய 100 டிகிரி பார்க்கும். அந்த ஏழரை மீட்டர் அகலம் இதில் 10 அடி தூரத்திலேயே வந்துவிடும். 3.6 எம்எம் என்றால் 15 அடி, 6 எம்எம் என்றால் 26 அடி வாக்கில். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். அதுவும் நல்ல வெளிச்சம் இருந்தால்தான் இந்தக் கணக்கு.

அதனால் 30 அடி கடையின் பின்சுவரில் ஒரு 2.8 எம்எம் கேமராவை மாட்டி, "பாருங்க, வாசல் வரைக்கும் தெரியுது" என்று யாராவது காட்டினால் மயங்காதீர்கள். வாசல் தெரியும், ஆள் தெரியமாட்டார். வாசலுக்கென்று தனியாக 3.6 எம்எம் கேட்டு வாங்கி, கதவிலிருந்து 10 அடி உள்ளே வையுங்கள். கேமரா விற்கிறவர் கையிருப்பில் இல்லையென்று சொன்னால் காத்திருந்து வாங்குவது நல்லது.

உயரம் அடுத்த விஷயம். கூரை 12 அடி என்பதற்காகக் கேமராவும் 12 அடியில் இருக்க வேண்டுமென்று இல்லை. அங்கிருந்து பார்த்தால் உச்சந்தலையும் தொப்பியும்தான் கிடைக்கும். ஏழு அடி, ஏழரை அடி உயரத்தில், பக்கவாட்டுத் தூணிலோ அலமாரியின் மேல்சட்டத்திலோ மாட்டினால் முகம் நேராக விழும். கைக்கு எட்டுமே, யாராவது திருப்பிவிட்டால்? திருப்ப வருபவரின் முகம் அதற்கு முன்பே பதிவாகியிருக்கும். அந்தப் பயத்துக்காக முகத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். உருண்டையாக இருக்கும் டோம் வகையாகப் போட்டால் சட்டென்று திருப்பவும் முடியாது.

அப்புறம் வெளிச்சம். மேற்குப் பார்த்த கடையில் மாலை 4 மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே அடிக்கும். உள்ளிருந்து வாசலைப் பார்க்கும் கேமராவில் வருகிறவர் எல்லாரும் கறுப்பு நிழலாகவே தெரிவார்கள். வெளிச்சத்தையும் நிழலையும் சமப்படுத்திக் காட்டும் டபிள்யூடிஆர் என்ற வசதி இதற்குத்தான். பெட்டியில் 120 டிபி (dB) என்று போட்டிருக்க வேண்டும். டி-டபிள்யூடிஆர் என்று போட்டிருந்தால் அது மென்பொருளில் படத்தை வெளுப்பாக்கும் வேலை மட்டுமே, வாசலுக்கு ஆகாது. வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கேமரா வரப்போகும் இடத்தில் நின்று, மாலை வெயிலில் வாசலில் ஒருவரை நிறுத்தி மொபைலில் படம் எடுங்கள். மொபைலிலேயே முகம் இருட்டாக வந்தால் அந்தக் கோணத்தை விட்டுவிட்டு, கதவு படத்தின் நடுவில் விழாதபடி கேமராவைப் பக்கச் சுவருக்கு மாற்றிப் பாருங்கள்.

முகம் கிடைக்க இன்னொரு நல்ல இடம், கல்லாவில் உட்காருபவரின் முதுகுப் பக்கம். பணம் கொடுக்க வருகிறவர் அங்கே அசையாமல் நின்று நேராகப் பார்ப்பார். மருந்துக் கடைகளில் இந்த ஒரு கோணமே பல தகராறைத் தீர்த்திருக்கிறது.

கல்லாவும் அலமாரியும்

கல்லாவுக்கு மேலே, கொஞ்சம் முன்தள்ளி, கீழ்நோக்கி ஒரு கேமரா. கல்லாப் பெட்டி திறக்கும் இடம், மேசைப் பலகை, க்யூஆர் அட்டை மூன்றும் படத்துக்குள் வரட்டும். க்யூஆர் அட்டை எதற்கென்றால், ஒட்டியிருக்கும் க்யூஆர் மேல் வேறொருவர் தன்னுடையதை ஒட்டிவிட்டுப் போனால் எப்போது நடந்தது என்று பார்க்க முடியும். கார்டு தேய்க்கும் மெஷினின் எண் பலகை மட்டும் தெரியக்கூடாது. வாடிக்கையாளர் அழுத்தும் ரகசிய எண் நம் டிஸ்கில் பதிவாவது அவருக்கும் கெடுதல், நமக்கும் வம்பு. மெஷினை ஓர் அடி தள்ளி வைத்தால் தீர்ந்தது.

அலமாரி வரிசைக்குக் குறுக்கே கேமரா வைப்பதில் பலனில்லை. வரிசையின் ஒரு முனையில் நின்று மறுமுனையை நீளவாக்கில் பார்ப்பது போல வையுங்கள். மளிகைக் கடையில் கேமராவுக்கு முதல் எதிரி ஷாம்பு சரமும் சிப்ஸ் சரமும்தான். மாட்டுகிற நாளில் எல்லாம் தெளிவாகத் தெரியும். அடுத்த வாரம் கம்பெனி ஆள் வந்து கயிறு கட்டி ஐம்பது பாக்கெட்டைத் தொங்கவிட்டுப் போவார், பாதிப் படம் மறைந்துவிடும். தீபாவளிக்கு ஆஃபர் பேனரும் அப்படித்தான். சரம் தொங்கும் கம்பி எங்கே என்று பார்த்து அதற்கு முன்பக்கமாகக் கேமராவை மாட்டச் சொல்லுங்கள்.

ஜவுளிக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உடை மாற்றும் அறைக்குள் கேமரா கூடவே கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பல கடைகளில் அந்த அறை மேலே திறந்திருக்கும் பிளைவுட் தடுப்புதான். கூரையில் பொதுவாக மாட்டிய கேமரா அந்தத் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்க்கும். மாட்டியவருக்கே தெரியாது. ஆனால் படம் பதிவாகிக்கொண்டே இருக்கும். பாரதிய நியாய சம்ஹிதாவின் 77ஆவது பிரிவும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும் இப்படித் தெரிந்தே படமெடுப்பதைக் குற்றமாகவே பார்க்கின்றன. சட்டம் இருக்கட்டும், நம் கடைக்கு நம்பி வந்த பெண்பிள்ளைகள். திரையில் பார்த்துச் சரிசெய்வதோடு நிற்காமல், அறைக்குள் ஒருவரை நிற்கவைத்து அவர் தலை கூடத் தெரியவில்லை என்று உறுதி செய்யுங்கள். தெரிந்தால் கேமராவை நகர்த்துங்கள், அறைக்கும் மேல்மூடி போடுங்கள்.

ஒயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்

சின்ன கடைக்கு டிவிஆர் என்னும் பதிவுப் பெட்டி வைத்த எச்டி கேமராவே போதும். செலவு குறைவு, பழுது பார்ப்பதும் சுலபம். மாடிக்கு மாடி போகும் பெரிய கடை, பின்னாளில் நிறைய கேமரா சேர்க்கும் எண்ணம் இருந்தால் ஐபி கேமராவும் அதற்கான பதிவுப் பெட்டியான என்விஆரும். அதில் ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் படமும் போகும், 100 மீட்டர் வரை. வைஃபை கேமரா பெட்டிக்கடைக்குப் பரவாயில்லை. பெரிய கடைக்கு நான் போடுவதில்லை.

டிவிஆருக்கு இழுக்கும் கேபிளை நாங்கள் த்ரீ பிளஸ் ஒன் என்போம். படத்துக்கு ஒரு கோஆக்சியல், அதோடு மூன்று மெல்லிய ஒயர். விலை குறைந்த கேபிளில் அந்த ஒயர் செம்பாக இருக்காது. அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியிருக்கும். பிளேடால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். இதனால் வரும் கோளாறு விசித்திரமானது. பகல் முழுக்கப் படம் நன்றாக இருக்கும். இரவு கடையை அடைத்து விளக்கை அணைத்ததும் தூரத்தில் இருக்கும் ஒரு கேமரா மட்டும் வந்து வந்து போகும். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. கேமரா பழுது என்று மாற்றுவார்கள், புதியதும் அதையே செய்யும்.

காரணம் ஐஆர் விளக்கு, அதாவது இருட்டில் படம் எடுக்க உதவும் அகச்சிவப்பு விளக்கு. இருட்டானதும் கேமரா தன் ஐஆர் எல்இடிகளை எரிக்கும், இழுக்கும் கரண்ட் கூடும். ஒயர் மெலிந்ததாகவோ அலுமினியமாகவோ இருந்தால் வழியிலேயே வோல்ட்டேஜ் விழுந்து, 12 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 10 கூடப் போய்ச் சேராது. கேமரா அணையும். அணைந்ததும் சுமை குறைந்து வோல்ட்டேஜ் ஏறும், மறுபடி எரியும், மறுபடி அணையும். இதைப் பகலிலேயே பிடிக்கலாம். கேமராவின் முன்பக்கத்தைக் கையால் முழுதாக மூடுங்கள். சில நொடியில் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஐஆர் ஃபில்டர் விலகும் சத்தம் அது. படம் கறுப்பு வெள்ளைக்கு மாறும். அந்த நிலையில் கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 11 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கேபிளை மாற்ற வேண்டும், இல்லையென்றால் அந்தக் கேமராவுக்குப் பக்கத்திலேயே தனி அடாப்டர் கொடுக்க வேண்டும். வேலை முடித்த ஆளிடம் எல்லாக் கேமராவுக்கும் இந்தச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு மறுப்புச் சொல்லும் ஆளுக்கு முழுப் பணமும் கொடுக்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் என்னும் பவர் சப்ளையிலும் கொஞ்சம் தாராளம் வேண்டும். நாலு கேமராவுக்கு 5 ஆம்பியர், எட்டுக்கு 10 ஆம்பியர். கேபிளை 230 வோல்ட் லைன் போகும் பைப்பிலேயே சொருகக்கூடாது. சொருகினால், ஃப்ரீசர் கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் திரையில் கோடு கோடாக ஓடும். தனி பிவிசி பைப், அதுவும் முழு நீளத்துக்கும். மளிகைக் கடையில் எலிக்கு ஒரு முழம் வெளியே தெரிந்தால் போதும். கேமராவுக்குப் பின்னால் இருக்கும் பிஎன்சி (படம்), டிசி (மின்சாரம்) இணைப்புகளை அப்படியே தொங்கவிடாமல் ஒரு பிவிசி பெட்டிக்குள் வைத்து மூட வேண்டும். வெளிக் கேமராவில் இது கட்டாயம். ஒயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் கீழே ஒரு வளைவு விட்டு, அடிப்பக்கமாக நுழைத்தால் ஐப்பசி மழையில் தண்ணீர் ஒயர் வழியாக உள்ளே போகாது.

டிவிஆர் எங்கே இருக்கிறது?

கல்லா மேசைக்கு அடியில் என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். கடையை உடைத்து வருகிறவருக்கும் அது தெரியும். கேமராவில் பதிவாகிவிட்டதே என்று டிவிஆரையே கழற்றி எடுத்துக்கொண்டு போன செய்தியை எத்தனை முறை படித்திருப்பீர்கள்! பரண் மேல், குடோனில், மாடி அறையில் என்று கண்ணில் படாத இடத்தில், காற்றுத் துளை உள்ள இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். கல்லா பக்கத்தில் திரையும் மவுஸும் மட்டும் இருக்கட்டும். துளையில்லாத மரப்பெட்டிக்குள் அடைத்தால் சித்திரை மாதச் சூட்டில் ஹார்டு டிஸ்க் போய்விடும்.

டிஸ்க் எவ்வளவு பெரியது வேண்டும் என்பதற்குச் சுலபமான கணக்கு உண்டு. ஒரு கேமரா நொடிக்கு 1 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி ஆகும். படத்தைச் சுருக்கிப் பதியும் எச்.265 முறையில் 2 மெகாபிக்சல் கேமராவுக்கு 2 மெகாபிட் வைத்தால் படம் தெளிவாகவே இருக்கும். நாலு கேமரா என்றால் நாளைக்கு 86 ஜிபி. 1 டிபி (டெராபைட்) டிஸ்க் பதினொரு நாள் தாங்கும், 2 டிபி இருபத்து மூன்று நாள். நான் 2 டிபிக்குக் குறைத்துப் போடுவதில்லை. சரக்கு குறைவது மாதக் கடைசியில் இருப்பு எடுக்கும்போதுதான் தெரியவரும். அப்போது பதினைந்து நாள் பின்னால் போய்ப் பார்க்க முடியாவிட்டால் கேமரா வைத்ததற்கு அர்த்தமே இல்லை. கம்ப்யூட்டரில் கழற்றிய பழைய டிஸ்க் வேண்டாம். இரவு பகலாக எழுதுவதற்கென்றே வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் மாதிரி தனி வகை இருக்கிறது.

கரண்ட் போனால் டிவிஆர், எஸ்எம்பிஎஸ், மோடம் மூன்றும் சேர்ந்து ஓட ஒரு சின்ன இன்வெர்ட்டர் இணைப்பு கொடுங்கள். டிவிஆருக்கு மட்டும் கொடுத்து எஸ்எம்பிஎஸ்ஸை விட்டுவிட்டால் டிவிஆர் கறுப்புப் படத்தைத்தான் பதிவு செய்துகொண்டிருக்கும்.

பாஸ்வேர்டு உங்கள் கையில்

2016இல் மிராய் என்ற வைரஸ், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் உலகம் முழுக்கப் பிடித்து, அவற்றை வைத்தே பெரிய இணையதளங்களை முடக்கியது. இன்றும் 123456 போட்டுவிட்டுப் போகும் ஆட்கள் உண்டு. பாஸ்வேர்டை நீங்களே, மாட்டியவர் திரும்பி நிற்கும்போது அடியுங்கள். மொபைல் செயலியில் கணக்கும் உங்கள் எண்ணில், உங்கள் மொபைலில் தொடங்கப்பட வேண்டும். டெக்னீஷியனின் கணக்கில் உங்கள் கடையைச் சேர்த்து, அதிலிருந்து உங்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது தப்பு. நானே கேட்டாலும் கொடுக்காதீர்கள். இணையத்தில் இணையும் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையை மத்திய அரசு 2025 ஏப்ரலில் கட்டாயமாக்கியிருக்கிறது. அதனால் பழைய சரக்கை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். மாடல் எண்ணும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பில்லிலும் அதே மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள்.

வேலை செய்கிற பிள்ளைகள்

கேமரா போடுவதைக் கடையில் வேலை செய்கிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கெங்கே இருக்கிறது, எதற்கு என்று காட்டுங்கள். ஒளித்து வைக்கும் கேமரா கேட்டால் நான் மாட்டுவதில்லை. அவர்கள் சாப்பிடும் இடம், பை வைக்கும் இடம், ஓய்வெடுக்கும் மூலை, இவையெல்லாம் படத்துக்கு வெளியே இருக்க வேண்டும். கடையில் நின்றே வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. வீட்டில் உட்கார்ந்து மொபைலில் பார்த்து, "அந்தப் பொண்ணு ஏன் உட்கார்ந்திருக்கு?" என்று போன் போட்டுக் கேட்பதற்குக் கேமரா வாங்காதீர்கள். கல்லாவில் நூறு ரூபாய் குறைந்த நாளில், எடுக்காத பிள்ளையை எடுத்ததாகச் சொல்லாமல் காப்பாற்றுவதும் இதே கேமராதான். அதை அவர்களுக்குப் புரியும்படி சொன்னால் மறைத்துச் சரம் தொங்கவிடுகிற கம்பெனி ஆளை அவர்களே தடுப்பார்கள்.

போலீஸ் கேட்டால்

டிவிஆரின் நேரம் சரியாக இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை மொபைல் நேரத்தோடு ஒப்பிடுங்கள். இணைய இணைப்பு இருந்தால் தானாகச் சரிசெய்யும் வசதியை இயக்கி, நேர மண்டலத்தை ஜிஎம்டி +5:30 என்று வையுங்கள். பத்து நிமிடம் முன்பின் இருந்தால் பில் நேரத்தோடும் தெருக் கேமராவோடும் பொருந்தாது.

ஏதாவது நடந்தால் உடனே அந்த நேரத்துப் பதிவைப் பென்டிரைவில் எடுங்கள். டிஸ்க் நிறைந்ததும் பழையது தானாக அழிந்துகொண்டே போகும். சம்பவத்துக்கு அரைமணி முன்பிருந்தும் அரைமணி பின்பு வரையும் எல்லாக் கேமராவிலும் எடுத்துக்கொள்ளுங்கள். திரையை மொபைலில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது அவசரத்துக்குச் சரி, வழக்குக்கு நிற்காது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழும் வேண்டும். அதில் கருவியின் விவரமும் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) எழுதப்படும். விசாரணை அதிகாரி படிவம் தருவார். டிவிஆரின் மாடல், வரிசை எண், வாங்கிய பில் ஆகியவற்றை நீங்கள் தயாராக வைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும். டிவிஆரையே கேட்டு எடுத்துக்கொண்டால் அதற்கு எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் பென்டிரைவ் வேலையை, மாட்டி முடித்த அன்றே என் முன்னால் கடைக்காரரைச் செய்ய வைப்பேன். தேதி, நேரம் போட்டுத் தேடி, பத்து நிமிடத்தை எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் வரை நான் கிளம்புவதில்லை. கல்லாவில் மாறி மாறி உட்காரும் வீட்டு ஆட்களில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும். அப்புறம் மாதம் ஒருநாள், கடை அடைத்து விளக்கணைத்த பின் மொபைலில் எல்லாக் கேமராவையும் பாருங்கள். வெளிக் கேமராவில் வெள்ளைப் புகை மாதிரி ஏதாவது தெரிந்தால் பெரும்பாலும் சிலந்தி வலைதான், ஐஆர் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புகிறது. மறுநாள் காலை ஷட்டர் திறக்கும்போது மெல்லிய துணியால் ஒரு துடைப்பு துடைத்துவிட்டு, நேற்று இரவுப் பதிவு டிஸ்கில் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.